இரண்டு லட்சம் சந்தாக்களுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஓயாமல் வந்துகொண்டிருக்கும் செய்திகளில் எது எந்தச் சந்தாதாரருக்கு உரியது என்பதை, சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போதும் நொடிப்பொழுதில் கண்டறிவது எப்படி என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். கைப்பேசி மின்கலத்தைப் பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பழைய வாகனங்களை வாங்கவும் விற்கவும் உதவும் சிறிய இணையச் சேவை ஒன்றை நடத்துகிறோம். "மதுரையில் 50,000 ரூபாய்க்குள் பைக் வந்தால் தெரிவிக்கவும்" என்பதுபோல வாடிக்கையாளர்கள் பதிந்து வைக்கிறார்கள். புதிய விளம்பரம் வந்ததும் எங்கள் நிரல் எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. சில ஆயிரம் பதிவுகள் இருந்தவரை தொல்லையில்லை. இப்போது அவை 2 லட்சத்தைத் தொட்டுவிட்டன. மாலை வேளைகளில் அறிவிப்பு அரை மணி நேரம் தாமதமாகிறது. கூடுதல் கணினிகள் வாங்குவதுதான் வழியா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம்; முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பதிவைச் சோதிக்க ஒரு மைக்ரோ நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் பதிவுகளுக்கு 0.2 நொடி ஆகும். அதாவது உங்கள் நிரலால் நொடிக்கு 5 விளம்பரங்களைத்தான் கையாள முடியும். மாலையில் நொடிக்கு 8 விளம்பரங்கள் வருமானால், ஒவ்வொரு நொடியிலும் 3 விளம்பரங்கள் வரிசையில் தேங்கும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தேக்கம் 10,800 ஆகிவிடும். அதைக் கரைக்க 36 நிமிடங்கள் வேண்டும். நீங்கள் எழுதிய அரை மணி நேரத் தாமதம் ஏறத்தாழ இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. கணினிகளை இரட்டிப்பாக்கினால் இன்றைய தொல்லை தீரும். பதிவுகள் இரட்டிப்பானதும் அதே தொல்லை திரும்ப வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது, பதிவுகளைச் சோதிப்பதை வேகப்படுத்துவதன்று. பெரும்பாலான பதிவுகளைத் தொடாமலே விட்டுவிடுவது. இதற்கு நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் முறை, நிபந்தனைகளை எண்ணும் முறை. வாடிக்கையாளர் பதிந்து வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் சந்தா என்று அழைப்போம். நான்கு சந்தாக்களை எடுத்துக்கொண்டு கையாலேயே செய்து பார்ப்போம். முதல் சந்தாவுக்கு வகை பைக், ஊர் மதுரை, விலை 50,000க்குள் என மூன்று நிபந்தனைகள். இரண்டாவதற்கு வகை பைக், விலை 40,000க்குள் என இரண்டு. மூன்றாவதற்கு வகை கார், ஊர் மதுரை என இரண்டு. நான்காவதற்கு வகை பைக், ஊர் திருச்சி, தயாரிப்பு ஆண்டு 2018 அல்லது அதற்குப் பிறகு என மூன்று. மொத்தம் 10 நிபந்தனைகள். ஆனால் 'பைக்' மூன்று இடங்களிலும் 'மதுரை' இரண்டு இடங்களிலும் திரும்ப வருவதால், வேறுபட்டவை 7 மட்டுமே. அந்த ஏழையும் ஒருமுறை மட்டும் சேமித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தெந்தச் சந்தாக்களில் இடம்பெறுகிறது என்ற பட்டியலை எழுதி வைக்கிறோம். ஒவ்வொரு சந்தாவுக்கும் அதன் நிபந்தனைகள் மொத்தம் எத்தனை என்ற எண்ணையும் குறித்துக்கொள்கிறோம்.

இப்போது மதுரையிலிருந்து, 45,000 ரூபாய்க்கு, 2019ஆம் ஆண்டு பைக் ஒன்று விளம்பரமாக வருகிறது. 'பைக்' என்பதைத் தேடினால் முதல், இரண்டாம், நான்காம் சந்தாக்களுக்கு ஒவ்வொரு மதிப்பெண். 'மதுரை'க்காக முதலுக்கும் மூன்றாவதற்கும் ஒவ்வொன்று. விலை வரம்புகளை ஏறுவரிசையில் அடுக்கி வைத்திருப்பதால், 45,000 எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தால் போதும். அதற்கு மேலுள்ள வரம்புகள் அனைத்தும் நிறைவேறியவை, கீழுள்ளவை நிறைவேறாதவை. 50,000 நிறைவேறுகிறது, 40,000 நிறைவேறவில்லை. எனவே முதல் சந்தாவுக்கு மூன்றாவது மதிப்பெண். ஆண்டுக்காக நான்காவதற்கு ஒன்று. முடிவில் முதல் சந்தா மூன்றுக்கு மூன்று பெற்றுத் தேறுகிறது; இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டுக்கு ஒன்று, நான்காவது மூன்றுக்கு இரண்டு பெற்று நின்றுவிடுகின்றன. எந்தச் சந்தாவையும் நாம் முழுதாகப் படித்துப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த முறையின் பலவீனமும் இதே எடுத்துக்காட்டில் தெரிகிறது. உங்கள் 2 லட்சம் பதிவுகளில் 1,20,000 பதிவுகள் பைக் கேட்பவையாக இருந்தால், ஒவ்வொரு பைக் விளம்பரமும் 1,20,000 எண்ணிக்கைகளைக் கூட்ட வைக்கும். பதிவுகளை வரிசையாகப் படித்த பழைய முறையே தேவலாம் என்று தோன்றிவிடும். இதற்கான தீர்வை 2001இல் ஃபாப்ரே, யாக்கோப்சன், ஷாஷா முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை தெளிவாக வகுத்துத் தந்தது. ஒவ்வொரு சந்தாவிலும் ஒரு நிபந்தனையை, அல்லது 'ஊர் மதுரை', 'வகை பைக்' போன்ற இரண்டு மூன்று சமன் நிபந்தனைகளைச் சேர்த்து, அதன் வாசலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தாவை அந்த வாசலில் மட்டும் தொங்கவிட வேண்டும். வாசல் திறந்தால் மட்டுமே மீதி நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பெரியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பத்துப் பொருத்தம் என்று பேர். ரஜ்ஜு தட்டிவிட்டால் மற்ற ஒன்பதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

உங்கள் சேவைக்கு ஊரையும் வகையையும் சேர்த்த இணையை வாசலாக வைக்கலாம். 'மதுரை – பைக்' என்ற வாசலில் 3,000 பதிவுகள் தொங்குகின்றன என்று கொள்வோம். இன்றைய மெதுவான சோதனையையே மாற்றாமல் வைத்துக்கொண்டாலும், 3 மில்லி நொடியில் வேலை முடிந்துவிடும். நொடிக்கு 300 விளம்பரங்களுக்கு மேல் தாங்கும். ஊரைக் குறிப்பிடாதவர்களுக்கு வகையும் மாடலும் சேர்ந்த இன்னொரு வாசல், அதையும் குறிப்பிடாதவர்களுக்கு வகை மட்டும் உள்ள வாசல் என, மூன்று நான்கு வகை வாசல்கள் போதும். ஒவ்வொரு விளம்பரமும் அந்த மூன்று நான்கையும் தட்டிப் பார்க்கும். அது மலிவான வேலை.

வாசலைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சந்தாக்களில் அரிதாக வரும் நிபந்தனையை அவர்கள் தேடுகிறார்கள். தேட வேண்டியது விளம்பரங்களில் அரிதாக நிறைவேறும் நிபந்தனையை. ஒரு வாசலால் ஆகும் செலவு என்பது, அது எத்தனை முறை திறக்கிறது என்பதையும் அதன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பெருக்கி வருவது. '2 லட்சத்துக்குள்' என்ற விலை வரம்பைக் கேட்டவர் ஒரே ஒருவராக இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய எல்லா பைக் விளம்பரங்களும் அந்த வாசலைத் திறந்துவிடும்.

கேள்வி: எண்ணும் முறையில், ஒவ்வொரு நிகழ்வுக்கு (அதாவது புதிதாக வரும் விளம்பரத்துக்கு) முன்னும் எல்லா எண்ணிக்கைகளையும் பூஜ்யமாக்க வேண்டியிருக்கிறதே? அதுவே நேரத்தைத் தின்றுவிடாதா?
– முதுகலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: தின்னும். சந்தாக்கள் ஒரு கோடியானால் எண்ணிக்கைகளைத் துடைப்பதற்கு ஆகும் நேரம் பொருத்தம் பார்க்கும் நேரத்தையே விஞ்சிவிடும். அதனால் யாரும் துடைப்பதில்லை. ஒவ்வொரு எண்ணிக்கையின் அருகிலும், அதைக் கடைசியாகத் தொட்ட நிகழ்வின் வரிசை எண்ணையும் எழுதி வைப்பார்கள். புதிய நிகழ்வு வந்து கூட்டப் போகும்போது, அங்கே பழைய நிகழ்வின் எண் இருந்தால், எண்ணிக்கையைப் பூஜ்யமாகக் கருதிக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். நினைவகத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் அந்த வரிசை எண்ணுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தேன். ஒரு பைட்டில் 256 எண்கள்தான் அடங்கும். 257ஆவது நிகழ்வு மீண்டும் முதல் நிகழ்வின் எண்ணையே பெறும். இடையில் யாரும் தொடாத சந்தா ஒன்றில் பழைய இரண்டு மதிப்பெண்கள் அழியாமல் இருந்தன. புதிய நிகழ்வு கொடுத்த ஒரு மதிப்பெண் சேர்ந்து மூன்றாகி, அது தேறியதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. வாரத்தில் ஓரிருமுறை, யாரோ ஒருவருக்குச் சம்பந்தமே இல்லாத அறிவிப்பு போகும். சோதனைக் கூடத்தில் நூறு நிகழ்வுகளை ஓட்டிப் பார்க்கும்போது ஒருமுறைகூடச் சிக்காது. கண்டுபிடிக்க 19 நாள்கள் ஆயின. நான்கு பைட் ஒதுக்குங்கள். அல்லது எண் சுற்றி வரும் தருணத்தில் மட்டும் அனைத்தையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

கேள்வி: இது தேடுபொறியைத் தலைகீழாகத் திருப்பியதுபோல் இருக்கிறது. இந்த எண்ணம் எப்போது தோன்றியது?
– கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தேடுபொறியில் ஆவணங்கள் கிடக்கின்றன, கேள்விகள் வந்து போகின்றன; இங்கே கேள்விகள் கிடக்கின்றன, ஆவணங்கள் வந்து போகின்றன. ஆகவே அட்டவணை போட வேண்டியது கேள்விகளுக்கு. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருளில் இதற்கென்றே உள்ள வசதிக்குக் காபி வடிக்கும் கருவியின் பெயரை, பெர்கொலேட்டர் என்று வைத்திருக்கிறார்கள். டிகாஷன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உவமை எளிதில் புரியும்.

கணினியைக் கொண்டு இதைச் செய்யலாம் என்ற எண்ணம் 1958இலேயே அச்சேறிவிட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், ஒவ்வொருவரின் ஆர்வத்தையும் ஒரு குறிப்பாகச் சேமித்து வைத்து, புதிதாக வரும் ஆவணங்களை அவற்றோடு ஒப்பிட்டு உரியவருக்கு அனுப்பும் அமைப்பு ஒன்றை அந்த ஆண்டில் விவரித்தார். பல சொற்களை ஒரே ஓட்டத்தில் தேடும் ஆஹோ, கோராசிக் ஆகியோரின் 1975ஆம் ஆண்டு நெறிமுறையும் (அல்காரிதம்) நூலகத் தேடலோடு தொடர்புடையதுதான். நூற்பட்டியல் தேடும் நிரல் ஒன்றை அது 5 முதல் 10 மடங்கு வேகப்படுத்தியது. 1990களில் ஸ்டான்ஃபோர்டில் யானும் கார்சியா மொலினாவும் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களின் செய்திகளை வாசகர்களின் விருப்பப்படி வடித்து மின்னஞ்சலில் அனுப்பும் அமைப்பைக் கட்டினார்கள். வாசகர் கொடுத்த சொற்களில் ஆவணங்களில் மிக அரிதாக வரும் சொல்லின் கீழ் மட்டும் அவருடைய சந்தாவைப் பதிவது அவர்கள் ஆராய்ந்த முறைகளுள் ஒன்று. மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன வாசலும் இதுவும் ஒன்றே.

கார்னெகி மெலனில் சார்லஸ் ஃபோர்ஜி உருவாக்கி, 1979ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரிவாக விளக்கிய, விதிகளைத் தரவுகளோடு பொருத்திப் பார்க்கும் ரீட் நெறிமுறையையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அதற்கும் இதற்கும் உறவு உண்டு என்றாலும், அங்கே தரவுகள் நினைவகத்தில் தங்கியிருக்கும், பாதி நிறைவேறிய விதிகளும் நினைவில் நிற்கும். நம் விளம்பரம் வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

கேள்வி: எண்ணும் முறையைவிட மரமாக அமைத்துத் தேடும் முறை சிறந்தது என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள். உண்மையா?
– பொறியியல் மாணவி, சேலம்

பதில்: சில இடங்களில் உண்மை. ஐபிஎம் நிறுவனத்தின் கிரிஃபான் திட்டத்தைச் சேர்ந்த அகிலேரா, ஸ்ட்ரோம் முதலியோர் 1999இல் வெளியிட்ட மரத்தில், ஒவ்வொரு தளமும் ஒரு பண்பைச் சோதிக்கிறது: முதல் தளத்தில் வகை, அடுத்ததில் ஊர், பிறகு நிறம் என்பதுபோல. ஒரே தொடக்கத்தை உடைய சந்தாக்கள் ஒரே கிளையைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு சோதனை பல சந்தாக்களுக்கும் சேர்த்துச் செல்லுபடியாகிறது. சந்தாக்கள் பெருகும் அளவுக்கு நேரம் பெருகாது என்பதை அவர்கள் நிறுவிக் காட்டினார்கள்.

ஆனால் 'எந்த ஊரானாலும் சரி' என்பவருக்காக ஒவ்வொரு தளத்திலும் ஒரு தனிக் கிளை வைக்க வேண்டியிருக்கிறது. நிகழ்வு அந்தக் கிளையிலும் இறங்கியாக வேண்டும், தனக்குரிய கிளையிலும் இறங்கியாக வேண்டும். தளத்துக்கு இரண்டு வழி என்றால், பத்துத் தளங்களில் அதிகபட்சம் 1,024 வழிகள். நூறு பண்புகள் இருந்து, ஒவ்வொரு சந்தாவும் அவற்றில் மூன்றை மட்டுமே தொடும் இடத்தில், இந்த மரம் பெரும்பாலும் 'எதுவானாலும் சரி' என்ற கிளைகளால் நிரம்பிவிடும். சடோகியும் யாக்கோப்சனும் 2011இல் வெளியிட்ட பிஇ மரம் (BE-Tree), எல்லாப் பண்புகளையும் ஒரே வரிசையில் அடுக்காமல், எந்தப் பண்பைக் கொண்டு பிரித்தால் பயன் அதிகமோ அதைக்கொண்டு இடத்துக்கு இடம் மாற்றிப் பிரித்துக்கொண்டு போவதன் மூலம் இந்தக் குறையைச் சமாளிக்கிறது. தேர்வுக்கு மரத்தைப் படியுங்கள். வேலைக்குப் போன இடத்தில், முதலில் வாசல் முறையை எழுதி அளந்து பார்த்துவிட்டு, பிறகு மரத்தைப் பற்றி யோசியுங்கள். தொடர்ச்சியாக நினைவகத்தில் அடுக்கப்பட்ட 3,000 பதிவுகளை வரிசையாகப் படிப்பதை இன்றைய கணினிகள் மிக வேகமாகச் செய்கின்றன. மரத்தில் முனைக்கு முனை தாவும்போது, முதன்மை நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ 100 நானோ நொடி காத்திருக்க நேர்கிறது.

கேள்வி: காஃப்காவும் எம்க்யூடிடியும் இந்தப் பொருத்தத்தைப் பார்க்கின்றனவா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: காஃப்கா பார்ப்பதில்லை. 2011இல் லிங்க்ட்இன் நிறுவனம் பொதுவில் வெளியிட்ட அந்த மென்பொருள், செய்தியைத் தலைப்பின்கீழ் வரிசையாக எழுதி வைப்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காது. வேண்டாததை வாங்குபவர்தான் தூக்கி எறிய வேண்டும். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் வடிவமைத்த எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற விதிமுறை, தலைப்பை மட்டும் பொருத்திப் பார்க்கும். 'ஆலை/கொதிகலன்/வெப்பம்' போன்ற தலைப்பில், ஒரு படிக்குப் பதிலாக + குறியையும், மீதி எல்லாவற்றுக்கும் பதிலாக # குறியையும் சந்தாதாரர் இடலாம். வாங்குபவர் தமக்கு வரும் செய்திகளில் பாதிக்கு மேல் பயன்படுத்துகிறார் என்றால், தலைப்பே போதும். உள்ளடக்கப் பொருத்தம் வீண் செலவு என்பது என் கருத்து.

கேள்வி: சந்தாதாரர்கள் பல ஊர்களில் இருந்து, செய்திகளை வாங்கி உரியவர்களுக்குப் பிரித்து அனுப்பும் புரோக்கர் கணினி ஒன்றை ஊருக்கு ஊர் வைத்தால், ஒவ்வொன்றும் எல்லாச் சந்தாக்களையும் அறிந்திருக்க வேண்டுமா?
– தகவல் தொழில்நுட்ப அலுவலர், யாழ்ப்பாணம்

பதில்: வேண்டியதில்லை. கார்ஸனிகா, ரோசன்பிளம், வுல்ஃப் ஆகியோர் 2001இல் விரிவாக விளக்கிய சியெனா அமைப்பின் மையக் கருத்தே இதுதான். உங்கள் ஊர்க் கணினியில் ஒருவர் '60,000க்குள் பைக்' என்று கேட்கிறார். இன்னொருவர் '40,000க்குள், மதுரையில், பைக்' என்று கேட்கிறார். இரண்டாமவருக்கு உரிய எந்த விளம்பரமும் முதலாமவருக்கும் உரியதே. முதல் சந்தா இரண்டாவதைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. எனவே உங்கள் கணினிக்கு விளம்பரங்களை அனுப்பும் மேல்நிலைக் கணினிக்கு முதல் சந்தாவை மட்டும் அனுப்பினால் போதும். வரும் விளம்பரத்தை உள்ளூரில் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

விலகும்போதுதான் இடறும். முதலாமவர் சந்தாவை ரத்து செய்ததும், அதன் நிழலில் மறைந்திருந்த சந்தாக்கள் அனைத்தையும் தேடி எடுத்து மேலே அனுப்ப வேண்டும். அதிலும் வரிசை முக்கியம்: மறைந்திருந்தவற்றை முதலில் அனுப்பி, அவை பதிவானது உறுதியான பிறகே பழையதை நீக்க வேண்டும். மாற்றிச் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் வரும் விளம்பரங்கள் யாருக்கும் தெரியாமல் போய்விடும். பிழைச் செய்திகூட எங்கும் பதிவாகாது. மேல்நிலைக் கணினியின் வடிகட்டி தேவைக்கு மேல் தளர்வாக இருந்தால் கொஞ்சம் வீண் போக்குவரத்து, அவ்வளவே. இறுக்கமாக இருக்க மட்டும் அனுமதிக்கக் கூடாது. ஒன்று ஒரு தொகுப்பில் இருக்கிறதா என்பதைக் குறைந்த நினைவகத்தில் சொல்வதற்காகப் பர்ட்டன் புளூம் 1970இல் வெளியிட்ட வடிகட்டியை இத்தகைய கணினிகளில் பயன்படுத்த முடிவதும் இதனால்தான்: அது இல்லாததை 'இருக்கலாம்' என்று சில நேரம் சொல்லும், இருப்பதை 'இல்லை' என்று ஒருபோதும் சொல்லாது.

கேள்வி: எங்கள் சேவையில் 'சிவப்பு நிறம் வேண்டாம்' என்று கேட்கும் வசதி உண்டு. நிரலை வேகப்படுத்தி எழுதிய பிறகு, அப்படிக் கேட்டவர்களுக்கு அறிவிப்புகள் முன்னைவிட அதிகமாகப் போகின்றன. நிபந்தனை எதையும் நாங்கள் மாற்றவில்லை.
– நிரலாளர், புதுச்சேரி

பதில்: மாற்றியிருக்கிறீர்கள், மாற்றியது உங்களுக்குத் தெரியவில்லை. பழைய நிரலில் 'சிவப்பு அல்ல' என்பதும் எண்ணப்படும் நிபந்தனைகளில் ஒன்றாக இருந்திருக்கும். விளம்பரத்தில் நிறமே குறிப்பிடப்படாவிட்டால் அந்த மதிப்பெண் விழாது, சந்தா தேறாது. ஆனால் கறுப்பு, நீலம், வெள்ளை என எந்த நிறம் வந்தாலும் அந்த நிபந்தனை நிறைவேறி நீண்ட பட்டியலைக் கூட்ட வைப்பதால், வேகத்துக்காக அதைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்: நிறம் சிவப்பு என்று வந்தால் மட்டும் அந்தச் சந்தாக்களை விலக்கு, மற்றபடி அதை எண்ணாதே என்று. வேகத்துக்கு அது சரியான வழிதான். ஆயினும் இப்போது நிறம் குறிப்பிடாத விளம்பரங்கள் எல்லாம் தடையின்றிப் போய்ச் சேருகின்றன. கூடுதலாகப் போவதாக நீங்கள் சொல்பவை அவையாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டில் எது சரி என்பதை நிரல் தீர்மானிக்க முடியாது. சிவப்பை வெறுப்பவர், நிறம் தெரியாத வண்டியைப் போய்ப் பார்க்கத் தயாரா என்பதை அவரிடமே கேட்டுவிடுங்கள். பதிவுப் படிவத்தில், நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குக் கீழே "நிறம் குறிப்பிடாத விளம்பரங்களும் வரலாமா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். 'வேண்டாம்' என்பவர்களின் சந்தாவில் 'நிறம் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைக் கூடுதலாகச் சேர்த்து, அதை வாசலாக்காமல் கடைசியில் சோதியுங்கள்.